ஆறு மீட்டர் விழும் முட்டைக்கு ஐந்து சென்டிமீட்டர் இடம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். ஜூனில் பள்ளி திறந்த கையோடு நடத்திவிடுவார்கள். உந்தம் (நிறை × வேகம்), கணத்தாக்கு (விசை × நேரம்) ஆகிய இரண்டும் அதில் வருகின்றன. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் பதில் சொல்வார்கள். "மோதும் நேரம் கூடினால் விசை குறையும்." ஒரு பச்சை முட்டையைக் கையில் கொடுத்து, இதை மாடியிலிருந்து போடப் போகிறோம், எவ்வளவு விசை குறைந்தால் உடையாது என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது.

முட்டையை மெத்தை வைத்துப் பொதியாகக் கட்டி, உடையாதபடி உயரத்திலிருந்து போடும் முட்டை வீழ்த்தும் போட்டி பல பள்ளிகளில் நடக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் கைவினைப் போட்டியாகவே முடிகிறது: பஞ்சைச் சுற்றி, செல்லோடேப்பை ஒட்டி, மேலே வண்ணத்தாள் சுற்றிய பெட்டிகள். சில பிழைக்கின்றன, சில உடைகின்றன, ஏன் என்று யாருக்கும் தெரியாது. இதற்குக் காரணம் விதிமுறைகள். எடைக்கும் அளவுக்கும் வரம்பு இல்லாவிட்டால், ஒரு சாக்கு நிறைய நாரைத் திணித்து நடுவில் முட்டையை வைப்பவர் ஜெயித்துவிடுவார். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கப் பள்ளிகளுக்கும், கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்துகிற மாதிரி, கைக்குக் கிடைக்கும் பொருட்களை வைத்து இந்தப் போட்டியின் கணக்கை இங்கே விளக்கியிருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவையும் கேரி பேக்கையும் கேட்கின்றன. இரண்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளாவில் 2020 ஜனவரி 1 முதலும் தடை இருக்கிறது. அவை இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை. தென்னைநாரும் மக்காச்சோளத் தட்டும் (காய்ந்த தண்டு) இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன.

கணக்கு

முதலில் வேகம். காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும் வேகம் = √(2 × 9.8 × உயரம்). 3 மீட்டரிலிருந்து விழுந்தால் நொடிக்கு 7.7 மீட்டர். 6 மீட்டரிலிருந்து 10.8 மீட்டர். 9 மீட்டரிலிருந்து 13.3 மீட்டர். உயரம் மூன்று மடங்கானாலும் வேகம் 1.7 மடங்குதான் ஆகிறது. ஆனால் முட்டை சுமந்து வரும் ஆற்றல் உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. பொதி தாங்க வேண்டியது அந்த ஆற்றலைத்தான்.

55 கிராம் முட்டை 6 மீட்டர் விழுந்தால் அதனிடம் இருப்பது சுமார் 3.2 ஜூல். அதை நிறுத்தும் விசை எவ்வளவு என்பது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. மனக்கணக்காகவே போடலாம்: விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். கிடைக்கும் எண்தான், முட்டை தன் எடையைப் போல எத்தனை மடங்கு விசையைச் சராசரியாகத் தாங்க வேண்டும் என்பது. சிமெண்ட் தரையில் நேராக விழுந்து 1 மில்லிமீட்டரில் நின்றால் 6,000 மடங்கு. 5 சென்டிமீட்டரில் நின்றால் 120 மடங்கு. கணத்தாக்குச் சமன்பாட்டில் நேரத்தை வைத்துச் செய்தாலும் இதே விடை வரும். ஆனால் நேரத்தை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது, தூரத்தை அளக்கலாம். அதனால் வகுப்பறைக்குத் தூரக் கணக்குதான் நல்லது.

இனி ஓட்டின் வலிமை. ஓடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். கடினமான இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால், சுமார் 45 நியூட்டனில், அதாவது நாலரைக் கிலோ எடையில் விரிசல் விடுகிறது. 55 கிராம் முட்டையின் எடையைப் போல இது ஏறக்குறைய 83 மடங்கு. 6 மீட்டரை 83ஆல் வகுத்தால் 7.2 சென்டிமீட்டர். கடினமான பரப்பில் உட்கார்ந்திருக்கும் முட்டைக்கு இவ்வளவு இடம் வேண்டும்.

முட்டையை நிமிர்த்தி வைத்தால் உறுதி, படுக்க வைத்தால் பலவீனம் என்று பல அறிவியல் நூல்களில் எழுதியிருக்கிறார்கள். கூர்முனை வளைவு வில் மாதிரி சுமை தாங்கும் என்பது காரணம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 8, 9, 10 மில்லிமீட்டர் உயரங்களிலிருந்து 180 முட்டைகளைப் போட்டார்கள். 8 மில்லிமீட்டரிலேயே நிமிர்ந்து விழுந்தவற்றில் பாதிக்கு மேல் விரிசல் விட்டன. படுக்கையாக விழுந்தவற்றில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மெதுவாக அழுத்தியபோது இரண்டு நிலையிலும் உடையும் விசை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் படுக்கையாக இருக்கும் முட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. உடையும் முன் சுமார் 30 சதவீதம் அதிக ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. விறைப்பு வேறு, தாங்கும் திறன் வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆகவே முட்டையைப் படுக்க வையுங்கள்.

விதிமுறை

பொதி 20 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். முட்டை நீங்கலாக 150 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உயரம் 6 மீட்டர். சாதாரணப் பள்ளிக் கட்டடத்தில் முதல் மாடிக் கைப்பிடிச் சுவர் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயும், இரண்டாம் மாடியுடையது 7 மீட்டருக்கு மேலேயும் வரும். ஆகவே நூல்கட்டி அளந்துகொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம். மதிப்பெண்: உயரம் (சென்டிமீட்டரில்) வகுத்தல் பொதியின் எடை (கிராமில்). 150 கிராம் பொதிக்கு 4, 100 கிராம் பொதிக்கு 6. உடைந்தால் பூஜ்யம். எடை குறைந்த பொதிக்கு அதிக மதிப்பெண் என்றவுடனே பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

இந்த 20 சென்டிமீட்டர் வரம்பு காரணமில்லாமல் வைத்தது அல்ல. படுத்திருக்கும் முட்டையின் குறுக்களவு சுமார் 4.5 சென்டிமீட்டர். மீதி 15.5 சென்டிமீட்டரைப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு 7.75. எந்த மெத்தையும் முழுக்க நசுங்காது. அறுபது சதவீதம் நசுங்கினால் அதிகம். ஆக, கையில் இருக்கும் நிற்கும் தூரம் 4.6 சென்டிமீட்டர்தான். 6 மீட்டரை இதால் வகுத்தால் 130 மடங்கு, ஏறக்குறைய 70 நியூட்டன். ஓடு தாங்கும் 45ஐ விட இது அதிகம். அப்படியானால் முட்டை பிழைப்பது எப்படி? 45 என்பது இரண்டு சின்னப் புள்ளிகளில் அழுத்தும்போது. ஓட்டின் பாதிப் பரப்பும் ஒட்டி உட்காரும்படி ஒரு குழியில் பதிந்திருந்தால் அதே ஓடு பல மடங்கு தாங்கும். ஆகவே பொதியின் உள்ளே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: நசுங்கி இடம் கொடுப்பது ஒன்று, விசையைப் பரப்புவது மற்றொன்று. இரண்டையும் ஒரே பொருளிடம் எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

நாமக்கல்லிலிருந்து வாளையாறு வழியாகக் கேரளத்துக்குப் போகும் முட்டை லாரிகளில் முப்பது முட்டை பிடிக்கும் தட்டுகள் அடுக்கடுக்காகப் போகின்றன. காகிதக்கூழ் தட்டின் குழியை உற்றுப் பாருங்கள். முட்டையின் அடி நுனி தட்டின் தரையைத் தொடுவதில்லை. பக்கச் சரிவுகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. விசையைப் பரப்பும் வேலை அது. அந்தத் தட்டிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி முட்டையின் இரு பக்கமும் வைத்தாலே பொதியின் உள் பாகம் பாதி முடிந்தது.

செய்முறை

மூன்று அடுக்கு அட்டையில் 12 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி. எடை 50 கிராமுக்குள் வரும். அதற்குள் நன்றாகப் பிரித்துவிட்ட தென்னைநார் 20 முதல் 25 கிராம். நாரைக் கட்டியாகத் திணிக்கக் கூடாது. ஒவ்வொரு பிடியையும் விரலால் பிரித்து, மேலிருந்து உதிர விட்டால் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல்தான் விசையைப் பரப்புகிறது. நடுவில் கையால் ஒரு குழி அமைத்து முட்டையைப் படுக்க வைத்து, மேலேயும் அதே அளவு நார்.

பெட்டிக்கு வெளியே, ஆறு முகங்களிலும், முகத்துக்கு நான்காக, காய்ந்த மக்காச்சோளத் தட்டின் நெட்டித் துண்டுகள். தட்டின் மேல்தோலைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெண்மையான நெட்டியை மட்டும் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, செங்குத்தாக ஒட்ட வேண்டும். தோலோடு ஒட்டினால் துண்டு குச்சி மாதிரி விறைத்து நின்று மோதலை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். துண்டு ஒன்று ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். பசை, டேப் எல்லாம் சேர்த்து மொத்தம் 110 கிராமுக்குள் முடிக்கலாம். ஃபெவிகால் மழைக்காலத்தில் காய ஒரு இரவு எடுக்கும்; போட்டியன்று காலையில் ஒட்டி எடுத்து வந்தால் துண்டுகள் மாடியிலேயே உதிரும்.

நெட்டியை ஏன் தேடிப் பிடிக்க வேண்டும்? ஸ்பிரிங், ரப்பர், பலூன் எல்லாம் நசுங்க நசுங்க விசை ஏறிக்கொண்டே போகும். ஒரு நல்ல ஸ்பிரிங்கின் உச்ச விசை சராசரியைப் போல இரண்டு மடங்கு. பிறகு வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து பொதியை மேலே எறியும். உந்த மாற்றம் கூடும். இரண்டாவது முறை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. நெட்டியோ தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே விசையில் நசுங்கி, நசுங்கியபடியே கிடக்கும். அப்பல்லோ நிலவுக்கலத்தின் கால்களுக்குள் இதே வேலைக்கு நசுங்கும் அலுமினியத் தேன்கூடு வைத்திருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோலும் இதற்குத்தான். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நெட்டித் துண்டுகளும் ஒரு வீழ்த்தலுக்குத்தான் உதவும். மாற்றுத் துண்டுகள் தயாராக இருக்கட்டும்.

முட்டையை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். முட்டை அளவு உருளைக்கிழங்கை நார்ப் படுக்கையின் மேல் வைத்து, முழுவதையும் சமையலறைத் தராசின் மேல் வைத்துக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தராசு 3 கிலோ காட்டும்போது படுக்கை மூன்றில் ஒரு பங்காவது அமுங்கியிருக்க வேண்டும். 7 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு. 10 கிலோ வரை காட்டும் தராசு வேண்டும். 1 கிலோவிலேயே அடி தட்டிவிட்டால் நார் போதாது. 7 கிலோவிலும் அசையாமல் இருந்தால் நார் அதிகம். மென்மையாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை கண் திறக்கும்: மிக மென்மையான மெத்தை ஆற்றலை வாங்காமலே நசுங்கி முடிந்துவிடும், முட்டை முழு வேகத்தோடு அடியில் மோதும்.

நாருக்குப் பதில் நார்க்கழிவு வைக்கலாமா என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், ஊரெல்லாம் அது மலைபோலக் கிடக்கிறது. காய்ந்த தூளாக இருந்தால் முட்டையைச் சுற்றி நன்றாகப் பதியும். ஆனால் ஈரத்தைக் குடித்துத் தன் எடையைப் போலப் பல மடங்கு கனத்துவிடும். ஒரு மழைக்கு எடை வரம்பு தாண்டிப் போகும். தவிர, அதிர அதிர முட்டை தூளுக்குள் கீழே இறங்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாராசூட்டும் கணவாய்க் காற்றும்

பாராசூட் கட்டுவது எல்லோருக்கும் தோன்றும் வழி. பழைய குடைத் துணியில் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வெட்டி, எட்டு நூல்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 60 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 5 சென்டிமீட்டர் துளை. துளை இல்லாவிட்டால் காற்று ஓரமாக வழிந்து பாராசூட் ஊசலாடும். முட்டையோடு மொத்தம் 150 கிராம் என்றால் இறங்கும் வேகம் நொடிக்கு சுமார் 3 மீட்டருக்கு வரும். அது அரை மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சந்திரயான்-3 லேண்டரின் கால்களை இறங்கும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் வரை போனாலும் தாங்கும்படி வலுப்படுத்தியிருந்தார்கள். காற்றில்லாத நிலவில் பாராசூட் உதவாது, எஞ்சினை வைத்துத்தான் அந்த வேகத்துக்குக் குறைக்க வேண்டும் என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லலாம்.

இவ்வளவும் காற்று அடங்கிய நாளுக்கு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுப்போன இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். காற்று உச்சத்தில் இருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இயக்க விதிகள் பாடம் நடப்பதும் அதே மாதங்களில்தான்.

நொடிக்கு 5 மீட்டர் காற்று என்பது இங்கே ஆடி மாதத்தில் சாதாரணம். அதில் பாராசூட் பொதி இறங்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும். கீழ்நோக்கி 3, பக்கவாட்டில் 5. இரண்டையும் பித்தாகரஸ் முறையில் கூட்டினால் 5.8 மீட்டர். அது 1.7 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், அதுவும் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு சுவரின் மேல். அடிப்பக்கம் மட்டும் மெத்தை வைத்த பொதிகள் இப்படித்தான் உடைகின்றன. பாராசூட் விரியவே இரண்டு மூன்று மீட்டர் தேவைப்படும் என்பதால் முதல் மாடியிலிருந்து போட்டால் பெரிய பயனும் இல்லை. பாராசூட்டை அனுமதிப்பதானால் காலை ஒன்பது மணிக்குள், காற்று ஏறுமுன் போட்டியை முடித்துவிடுங்கள். எங்கள் கருத்து, ஜூனில் பாராசூட் இல்லாமலும், காற்று மாறிய பிறகு அக்டோபரில் பாராசூட்டோடும் இரண்டு முறை நடத்துவது. இரண்டும் வெவ்வேறு பாடங்கள்.

விடுவதும் அளப்பதும்

அடியில் கனம் வைத்தால் பொதி நிமிர்ந்தே விழும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புவார்கள். புவியீர்ப்பு எல்லாப் பாகங்களையும் ஒரே முடுக்கத்தில் இழுக்கிறது. விழும் பொருளை அது திருப்பாது. திருப்புவது காற்றுத் தடை. அதற்கு மேலே ஒரு வால் வேண்டும்: அரை மீட்டர் துணி நாடா போதும், ஆனால் அதுவும் ஆறு மீட்டருக்குள் முழுமையாக நேர்ப்படுத்தாது. விடும்போது நொடிக்கு அரைச்சுற்று சுழற்சி இருந்தாலே, 1.1 நொடியில் தரையைத் தொடும்போது பொதி தலைகீழாக இருக்கும். ஆகவே ஆறு முகங்களுக்கும் மெத்தை. விடும்போது கையால் தள்ளாமல், பொதியை நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் நூலைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டுவது ஆசிரியர் மட்டுமே. பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் சாய அனுமதிக்கவே கூடாது. கீழே மூன்று மீட்டர் சுற்றுக்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, உள்ளே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளி இருந்தால் வேகத்தை அளந்துவிடலாம்: தரைக்கு அருகே ஒவ்வொரு படத்துக்கும் பொதி 4.5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். மோதலை அதில் அளக்க முடியாது. 5 சென்டிமீட்டரில் நிற்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. இரண்டு படத்தோடு எல்லாம் முடிந்துவிடும். போனையே பொதிக்குள் வைத்து முடுக்கத்தை அளக்கும் யோசனையும் வேண்டாம். அதன் உணரி இந்த அளவுக்கு எட்டாது, போனும் உடையும். நசுங்கிய நெட்டியை ஸ்கேல் வைத்து அளப்பதே சரியான முறை. போடுமுன் 4 சென்டிமீட்டர், போட்ட பின் 1.5 என்றால் 2.5 சென்டிமீட்டர் அங்கே கிடைத்திருக்கிறது. மீதியை நார் கொடுத்தது. கணித்த எண்ணைப் போடுமுன்பே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுதுவது கணிப்பு ஆகாது.

முட்டைகளை முந்தைய நாள் இருட்டறையில் போன் டார்ச்சின் மேல் பிடித்துப் பார்த்து, மயிரிழை விரிசல் உள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை வியர்த்து நாரை நனைக்கும். இரவே வெளியே எடுத்து வையுங்கள். எல்லோருக்கும் ஒரே பண்ணை முட்டை, எடை 53 முதல் 57 கிராமுக்குள் இருக்கட்டும். எடை குறைந்த நாட்டுக்கோழி முட்டையை ஒருவர் கொண்டுவந்தால் ஒப்பிட முடியாது. முட்டையைத் தொடாத வீட்டுப் பிள்ளைகள் பொரித்த அப்பளத்தை வைத்துச் செய்யலாம். அது முட்டையை விடக் கடினமான சவால், வேறு அணியாக வைத்து மதிப்பிடுங்கள்.

உடைந்த முட்டையை உடனே கழுவித் தள்ளிவிடாதீர்கள். ஓட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். முட்டையை ஒரு மெல்லிய உறையில் போட்டு வைத்திருந்தால் ஓடு சிதறாமல் கிடைக்கும். ஒரே இடத்தில் பள்ளம் விழுந்து அதிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருந்தால், அங்கே ஏதோ குத்தியிருக்கிறது: நார்க் கட்டி, ஸ்டேப்ளர் பின், டேப்பின் முடிச்சு. எதிரெதிர் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தால் படுக்கை முழுக்க அமுங்கி அடி தட்டியிருக்கிறது. நாரையோ நெட்டியின் நீளத்தையோ மாற்ற வேண்டும். நெட்டி நசுங்காமலே முட்டை உடைந்திருந்தால் துண்டுகள் விறைப்பு அதிகம், அல்லது பெட்டியைச் சுற்றிலும் டேப் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேல் பக்கத்தில் மட்டும் விரிசல் என்றால் முதல் மோதலில் முட்டை பிழைத்து, துள்ளி விழுந்த இரண்டாவது மோதலில் உடைந்திருக்கலாம். காரணத்தை எழுதிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றி அன்றே மறுபடி போட வாய்ப்புக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்ற விடாதீர்கள்.